துண்டு தோளில் கிடந்த நாள்

என் வீட்டுக்காரர் ஒருவனை அடிப்பதற்கு முன்னால் என்னைக் கேட்பார். ஊரில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் கையால் வாங்கியவர்கள் மட்டும் சிரித்திருக்க மாட்டார்கள், சிரிக்கப் பல் வேண்டுமே. அதனால் நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. எனக்கும் ஒளித்து வைக்க வேண்டிய வயது தாண்டிவிட்டது. எழுதிவிடுகிறேன்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். பாதிக்கு மேல் எங்களைப்போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அண்ணன்தான். டிரெயினிங் பள்ளியில் சேர்க்கும்போது என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே வந்தான். மாப்பிள்ளை பார்த்ததும் அவன்தான். இரண்டு ஏக்கர் நஞ்சை, ஒரு ஜோடிக் காளை, சிலம்பம் தெரிந்த கை. "இவனக் கட்டிக்கிட்டா ஒருத்தனும் உன்னைய ஏறிட்டுப் பாக்க மாட்டான்த்தா" என்றான். மனுஷன் நல்லவனா என்று விசாரிக்கவில்லை, பலசாலியா என்றுதான் விசாரித்தான். எங்கள் பக்கத்தில் அது போதும்.

கல்யாணமான முதல் மாதம். சந்தைக்குப் போனவர் சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தத்தோடு வந்து நின்றார். நான் பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றித் தேடினேன். காயமே இல்லை. எல்லாம் அடுத்தவன் ரத்தம். வலது கை விரல் முட்டியில் மட்டும் என்னவோ வெள்ளையாகப் பதிந்திருந்தது. கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன். பல்.

"எதுக்கு அடிச்சீக?"

"மொறச்சுப் பாத்தான்."

"பாத்ததுக்கா ஒரு மனுசனப் பல்லு தெறிக்க அடிச்சீக?"

அந்தப் பல்லை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன். அவருக்குக் கோபம் கையில் என்றால் எனக்கு நாக்கில். "இனிமே என் சொல்லு இல்லாம இந்தக் கை ஓங்கக் கூடாது. ஓங்குனா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பங்குச் சாமியார் வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்த உடம்பு என் காலடியில் மடங்கி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

"யோசிச்சுட்டேன். நீ சொல்லு, நான் கேக்குறேன்."

"எதை?"

"எல்லாத்தையும். அடின்னா அடிக்கிறேன், நில்லுன்னா நிக்கிறேன். வீட்டுக்குள்ளயும் அப்படித்தான். ஆனா எனக்கும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஊரு பாக்க என்னைய எளக்காரம் பண்ணக் கூடாது. இன்னொண்ணு, எனக்கு முடியலைன்னா 'போதும்'னு சொல்லுவேன். சொன்னா அங்கனயே விட்டுறணும், ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. நீயும் சொல்லலாம்."

"நான் மெரட்டுனதுக்காகச் சொல்றீகளா?"

"என்னைய மெரட்ட எவன் இருக்கான்? பிடிச்சிருக்கு, சொல்றேன்" என்றார். காது சிவந்திருந்தது.

டிரெயினிங்கில் ஓர் ஆங்கிலப் பாடம் படித்திருந்தேன். குதிரைவீரன் ஒருவன் தான் மதிக்கிற பெண்ணின் கைக்குட்டையை ஈட்டியில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவான். அவள் சொல் தாண்ட மாட்டான், அவளுக்காகவே ஜெயிப்பான், அவளுக்காகவே விழுவான். அந்தக் கதையைச் சொன்னேன். "கைக்குட்டையா? சண்டைக்கு நடுவுல மூக்குச் சிந்தவா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கோயிலில் வெள்ளைக் குதிரைமேல் வாளோடு இருக்கிற சந்தியாகப்பர் படத்தைக் காட்டி, "அவருக்குக் குதிரை, எனக்கு உழவு மாடு" என்று அடுத்த ஞாயிறு பூசை நடுவிலேயே முணுமுணுத்தார். ஆனால் திங்கட்கிழமை காலையில் வயலுக்குப் புறப்படும்போது தன் துண்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்.

அப்படித்தான் அது பழக்கமானது. துண்டை நான் தோளில் போட்டால் அன்றைக்குக் கை ஓங்கக் கூடாது. தலையில் கட்டினால் ஓங்கலாம். எட்ட இருந்தால் நான் என் தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். கோயில் திருவிழாவில் சப்பரம் சுற்றும்போது ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்போம். குடித்துவிட்டு எவனாவது வம்பு இழுத்தால் அவர் கண் என் பக்கம் வரும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். "உன் புருசன் கல்யாணத்துக்கு அப்புறம் ரொம்பச் சாதுவாகிட்டாகளே" என்று பக்கத்தில் நிற்கிறவள் சொல்வாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது.

வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டால் நான் அவரை 'நீ' என்றுதான் சொல்வேன். உட்காரு என்றால் உட்கார்வார். எழுந்திரு என்று சொல்லும்வரை எழ மாட்டார். சில நாள் வேண்டுமென்றே மறந்த மாதிரி இருந்து நோட்டுத் திருத்துவேன். கால் மரத்துப்போனாலும் அசைய மாட்டார். பிறகு பக்கத்தில் போய் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொள்வேன். எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்கு என்னைவிடப் பிடித்திருந்தது. இதற்குமேல் ஒரு டீச்சரம்மா எழுதக் கூடாது.

நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு முறை தேனி சந்தைக்குப் போயிருந்தோம். பஸ் ஏறும் நெரிசலில் ஒருவன் என் இடுப்பைக் கிள்ளினான். நான் கத்தவில்லை. திரும்பி அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு என் வீட்டுக்காரர் தோளிலிருந்து துண்டை எடுத்து, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், நிதானமாக அவர் தலையில் கட்டினேன். "வெயிலே காணோம், தலப்பா எதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். நான் அந்த ஆளைக் கண்ணால் காட்டினேன்.

முதல் அடியில் அவன் மூக்கு போயிற்று. இரண்டாவதில் பஸ் படிக்கட்டில் மோதி விழுந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி வயிற்றில் குத்தினார். அவன் வாயிலிருந்து ரத்தமும் இட்லியுமாக வந்து கீழே இருந்த வாழைத்தார்மேல் விழுந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நிறுத்தச் சொல்ல வேண்டியது நான். எனக்கு வாய் வரவில்லை. பயத்தால் இல்லை. இன்னொன்று, இன்னொன்று என்று மனசு கேட்டுக்கொண்டிருந்தது. அவன் முட்டி போட்டுக் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் "போதும்" என்றேன். ஓங்கிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிள்ளியவன் வாங்க வேண்டியதைத்தான் வாங்கினான், ஆனால் கடைசி இரண்டு அடி என் ஆசைக்கு விழுந்தது.

ருசி கண்ட பூனையாகிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து, அரிசி மில்லில் இருந்த ஒருவன் என்னைப் பற்றிக் கேவலமாக ஒரு வார்த்தை சொன்னதாகக் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் அவர் கேட்காமலே ஆளைச் சொல்லித் தலையில் கட்டி அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்தார். வாசலில் நின்று, "போதும்" என்றார்.

"அடிச்சீகளா?"

"இல்ல. கைப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கான். போதும்."

ஏன் எதுக்கு என்று கேட்கக் கூடாது என்பது பேச்சு. கேட்கவில்லை. அண்டாவை நகர்த்துகிற சாக்கில் டமாரென்று போட்டேன். ஆனால் துண்டை அவிழ்த்துவிட்டேன். அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை. அடுத்த முறைக்குப் பல வருஷமானது.

இனி அந்த நாள். எழுபதுகளின் பின்பாதி, அணை திறந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்திருந்த ஆனி மாதம். ஒரே வாய்க்காலில் அண்ணன் வயல் மேலே, எங்கள் வயல் கீழே. தண்ணீர் முறை வைத்துத்தான் விடுவார்கள். அன்றைக்குப் பொழுது விடிந்ததிலிருந்து உச்சிவரை எங்கள் முறை. ஆனால் அண்ணன் நடவைப் பிந்தி நட்டிருந்தான், பயிர் வாடிக் கிடந்தது. எங்கள் முறையில் எங்களுக்கு வருகிற மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டான் என்று காலையிலேயே தகவல் வந்தது.

அவர் துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குனிந்தார். நான் தோளில் போட்டேன்.

"மடைக்குப் போறேன்" என்றார்.

"போ. பேசித் தண்ணியத் திறந்து விடு. எங்க அண்ணன் மேல ஒரு விரல் படக் கூடாது."

"அவன் கை என் மேல பட்டா?"

"பட்டாலும்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்போதே 'போதும்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல் கனமாக இருந்தால் அவருக்கு அதில் ஒரு கர்வம். மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ பட்டம் வாங்கியவர்போல நடந்து போனார். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போயிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு நான் அந்த வரப்பு வழியாகத்தான் போவேன். தூக்குவாளியில் மத்தியானச் சோற்றோடு போய்க்கொண்டிருந்தேன். நடவு வயலில் இருந்த ஒருத்தி, "ஏ டீச்சரு, ஓடு! உன் புருசன அங்கன கொல்றாக!" என்று கத்தினாள். ஓடினேன்.

அவர் அடைப்பை எடுத்துவிட்டு, மடை வாயில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கும்வரை அடைக்க முடியாது. தண்ணீர் அவர் காலைச் சுற்றி எங்கள் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனின் ஆட்கள் இரண்டு பேர் கம்போடு கரையில். அண்ணன் கையில் மம்பட்டி. என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே நெற்றி கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. தடுக்கக்கூடத் தூக்கவில்லை. துண்டு தோளில் கிடந்தது.

"விலகு மாப்ள! வெட்டிப்புருவேன்!" என்று அண்ணன் அழுகிற குரலில் கத்தினான். அவர் என்னைப் பார்த்துவிட்டார். திறந்திருந்த ஒற்றைக் கண் என் மேல் வந்து நின்றது.

இருபது அடி தூரம். நான் தலையைத் தொட்டால் போதும்.

கை கழுத்துவரை வந்தது. தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையிலிருந்து பல்லை எடுத்தவள் நான். இந்தக் கோபத்தில் தலையைத் தொட்டால் அண்ணன் அந்த வாய்க்காலிலேயே செத்துக் கிடப்பான். தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்த அண்ணன். கை கழுத்திலேயே நின்றுவிட்டது.

அண்ணன் மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தால் தோளில் அடித்தான். அவர் தள்ளாடிவிட்டு நேராக நின்றார். என்னைப் பார்த்தார். இரண்டாவது அடியும் அதே இடத்தில். என்னைத்தான் பார்த்தார். மூன்றாவது அடியில் பச்சை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. துண்டு சிவந்தது.

அப்போதுதான் நான் தலையைத் தொட்டேன். தொட்டேன் என்ன, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் பார்த்தார். உடனே கையை ஓங்கப் போனார். கை வரவில்லை. தொங்கிக் கிடந்த தன் வலது கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க முடியாது.

பிறகு என்ன செய்தேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கரையிலிருந்து குதித்து, தூக்குவாளியைச் சுழற்றி அண்ணன் முகத்தில் அடித்தேனாம். மூக்குத்தண்டு உடைந்து அவன் தண்ணீரில் விழுந்த பிறகும், அவன்மேல் முட்டி போட்டு அடித்துக்கொண்டே இருந்தேனாம். "ஏத்தா, நான்தான்த்தா, அண்ணன்த்தா" என்று கத்தினானாம். கம்பு வைத்திருந்த இரண்டு பேரும் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். நடவுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். தூக்குவாளி அப்பளமாக நசுங்கியிருந்தது. வாய்க்கால் முழுக்க ரத்தமும் சோறும் மிதந்தன.

மச்சான் மாப்பிள்ளை சண்டை என்று போலீசுக்குப் போகாமல் ஊரார் மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் கை தோளுக்குமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் போன பிறகு அவர் சுவரைப் பார்த்தபடி, "நீ யோசிச்ச" என்றார்.

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மூணு அடி நேரம்."

அவரும் எண்ணியிருக்கிறார்.

"போதும்னு சொல்லியிருக்கலாம்ல" என்று அழுதேன். "சொல்லிட்டு அடிச்சிருக்கலாம்ல!"

"நீ தொடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

அதன்பிறகு பத்து மாதம். துண்டைத் துவைத்து ஆணியில் மாட்டினேன், கறை முழுதும் போகவில்லை. ஒரு நாளும் அவர் அதை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கவில்லை. வெறுந்தோளோடு வயலுக்குப் போனார். கோபமாக ஒரு சொல் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், போட்டதைத் தின்றார், நாற்காலியில் உட்கார்ந்தார், இஷ்டத்துக்கு எழுந்து போனார். கதவைச் சாத்தினாலும் எனக்கு 'நீ' என்று கூப்பிட நா எழவில்லை. ஓங்கி இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை நம்பிக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற மனுஷனை நான் நட்டாற்றில் விட்டேன். அவர் இனி எனக்குக் குனியவே மாட்டார் என்று தோன்றும்போதெல்லாம் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஈஸ்டர் ஞாயிறு. பூசை முடிந்து வந்திருந்தோம், அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் அண்ணன் வந்து நின்றான். என் கைவேலையால் மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "மாப்ள, பண்டிகைநாளு. உள்ள வரலாமா?" என்றான். அவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

நான் ஆணியிலிருந்து துண்டை எடுத்தேன். அண்ணன் பார்க்கப் பார்க்க அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு நொடி அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கட்டினேன். இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"எங்க அண்ணன் நிக்கிறாக" என்றேன். "அடிங்க."

ஒற்றைக் கண்ணால் பார்த்த அதே பார்வை, இப்போது இரண்டு கண்ணாலும். நான் கையைக் கழுத்தில் நிறுத்தவில்லை. தலையைத் தொட்டுக் காட்டினேன்.

எழுந்து போய் இடது கையால் ஓர் அறை விட்டார். அண்ணன் சுழன்று கதவில் மோதி உட்கார்ந்தான், பழம் நாலா பக்கமும் சிதறியது. இடது கைக்கே அந்த வேகம். நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனை வேண்டுமானாலும் அடிக்கட்டும் என்று நின்றேன், ஏசுவே, அப்படித்தான் நின்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "போதும்" என்றார்.

பிறகு என் முன்னால் வந்து, அவிழ்ப்பதற்குத் தோதாகத் தலையைக் குனிந்தார். அவிழ்த்துத் தோளில் போட்டேன், அந்தத் தோளிலேயே.

அண்ணன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு கையாலயும் வாங்கியாச்சு. இனியாச்சும் சோத்தப் போடுத்தா" என்றான். போட்டேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் நான் நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் நிழல் விழுந்தது. இடது கையில் துண்டோடு அவர் குனிந்து நின்றார்.